பேறு பார்க்க வந்த அம்மாச்சி: மடவார் வளாகத் தலக்கதையும் பாட்டிமுறைப் பெயர்களும்

தமிழ் உறவுப்பெயர் ஆய்வில் ஒரு கருத்து ஏறத்தாழ முடிந்த முடிபாகவே நிற்கிறது. பெற்றோர் தலைமுறையில் அத்தை, சித்தி என்று கறாராகப் பிரியும் பெயர்கள், ஒரு படி மேலே போனதும் ‘பாட்டி’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுமாம். தலைமுறை தலைமுறையாக முறைப்பெண்ணையே கட்டிவந்தால் தாய்வழி, தந்தைவழி என்ற கோடு அழிந்துபோகும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். கணக்கு சரிதான். தென்மாவட்டத்து வீடுகளின் பேச்சுத்தான் அதற்கு இடங்கொடுக்கவில்லை. அங்கே அப்பாவைப் பெற்றவள் அப்பத்தா, அம்மாவைப் பெற்றவள் அம்மாச்சி. செட்டிநாட்டில் அப்பத்தாவும் ஆயாவும். யாழ்ப்பாணத்தில் அப்பம்மாவும் அம்மம்மாவும். தெலுங்கிலும் நாயனம்மா வேறு, அம்மம்மா வேறு.

இவை வெறும் கூட்டுச்சொற்கள், உறவுப்பெயர்கள் ஆகா என்பது வலுவில்லாத மறுப்பு. ‘அம்மாச்சி’ என்று கூப்பிடும் குழந்தை சொல்லைப் பிரித்தா பார்க்கிறது?

தவிர, பொதுப்பெயராகக் காட்டப்படும் ‘பாட்டி’யின் பழமையே ஐயத்துக்குரியது. தொல்காப்பிய மரபியல் அச்சொல்லைப் பன்றி, நாய், நரி ஆகியவற்றின் பெண்ணுக்கு உரியதாக்குகிறது. மதுரைக்காஞ்சியில் பாட்டியர் என்போர் பாணர்குலப் பெண்கள்.

அப்படியானால் இரு பாட்டிகளையும் பிரித்துவைப்பது எது? ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் வைத்தியநாதசுவாமி கோயிலின் தலக்கதை இதற்கு ஒரு விடை தருகிறது எனலாம். ஏழைச் சிவபக்தர் ஒருவரின் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. வரச்சொல்லி அனுப்பியும் தாய் வரவில்லை. தானே தாய்வீட்டை நோக்கி நடந்தவளுக்கு வழியிலேயே வலி கண்டது; “அம்மா” என்று அலறினாள். இறைவன் தாய் உருவில் வந்து பேறு பார்த்தார். அவளுக்குத் தாகமெடுக்க, விரலால் நிலத்தைக் கீறித் தண்ணீர் வரவழைத்தார். அந்த நீரே காயக்குடி ஆறு என்கிறார்கள். பெற்ற தாய் பிறகுதான் வந்து சேர்ந்தாள்.

திருச்சி தாயுமானவர் கதையின் நகல் என்று இதை ஒதுக்கிவிடுவது வழக்கம். ஒப்புமை மறுக்க முடியாதது. இரண்டும் ஒரே கதைக்குடும்பம். ஆனால் திருச்சிக் கதையின் கர்ப்பிணி ரத்தினாவதி இருந்த இடத்திலேயே இருக்கிறாள், தாய்தான் வரவேண்டும். இங்கே மகள் கிளம்பிப் போகிறாள். அங்கே காவிரி வெள்ளம் தாயை அக்கரையில் நிறுத்திவைக்கிறது. இங்கே ஆறு தாயின் விரலிலிருந்தே பிறக்கிறது. நகலெடுத்தவர் ஆற்றின் வேலையையே தலைகீழாக்கியிருப்பாரா? தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கம் இந்தக் கதையை வேறு திசையில் நடத்தியிருக்கிறது என்று கொள்வதே பொருத்தம்.

கதை முழுக்கத் தாய் என்றே வருகிறது, அம்மாச்சி என்ற சொல் இல்லை. ஆயினும் பிள்ளை பிறந்த நொடியிலேயே அவள் அம்மாச்சியாகிவிடுகிறாள். மாமியார் உருவிலோ ஊர் மருத்துவச்சியாகவோ இறைவன் வந்திருக்கலாமே. கதை அந்தப் பக்கமே திரும்பவில்லை. (ஊர்ப்பெயரிலேயே மடவார் இருக்கிறார்களே என்று அதையும் சான்றாக்கும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது.) அப்பத்தா இருப்பது பிள்ளை வளரும் வீடு, அம்மாச்சி இருப்பது பிள்ளை பிறக்கும் வீடு. பெயர்களைப் பிரித்துவைப்பது இந்த வேறுபாடே என்பது இக்கட்டுரையின் துணிபு.

அக்காள் மகளைக் கட்டிய குடும்பங்களில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். பிள்ளையின் தாயைப் பெற்றவள் தகப்பனுக்கு உடன்பிறந்த அக்காள். அத்தை என்றாலும் பிழையில்லை. தகப்பனைப் பெற்றவளோ தாய்வழியில் எண்ணினால் பிள்ளைக்குப் பூட்டி. முறை மட்டுமே பெயரைத் தீர்மானிக்குமென்றால் ஒவ்வொருத்திக்கும் இரண்டு பெயர்கள் போட்டியிடும். பிள்ளை பெறத் தாய் போன வீட்டில் இருப்பவளை அம்மாச்சி என்றும், தகப்பன் வீட்டில் இருப்பவளை அப்பத்தா என்றும் அழைப்பதில் அந்தக் குழப்பம் எழுவதில்லை.