முதுகுத் தண்டில் அடிபட்டவர் வேலைக்குத் திரும்பிய வரலாறு

முதுகுத் தண்டுவடத்தில் பலமாக அடிபட்டால், அடிபட்ட இடத்துக்குக் கீழே உடம்பு அசையாது, உணர்ச்சியும் இருக்காது. சிறுநீர், மலம் கழிப்பதுகூட கட்டுப்பாட்டில் இருக்காது. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு இப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்துபோனார்கள். அவர்கள் மறுபடி வேலைக்குப் போவார்கள் என்று யாரும் நினைக்கவே இல்லை.

இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் லுட்விக் குட்மன். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்துக்குத் தப்பி வந்த யூத மருத்துவர். 1944-ல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கினார். படுக்கைப் புண் வராமல் இருக்க நோயாளிகளை இரவும் பகலும் திருப்பிப் படுக்க வைத்தார்கள். பிழைத்தால் மட்டும் போதாது என்று தச்சு வேலை, கடிகாரம் பழுது பார்க்கும் வேலை எல்லாம் அங்கேயே கற்றுக்கொடுத்தார்கள். 1948-ல் அவர் அங்கே நடத்திய வில்வித்தைப் போட்டிதான் பின்னாளில் பாராலிம்பிக்ஸ் ஆனது.

சரி, தமிழ்நாட்டில்? இங்கே இந்த வரலாறு வேலூரில் தொடங்குகிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் மேரி வர்கீஸ் என்ற இளம் டாக்டர் இருந்தார். 1954 ஜனவரியில் நடந்த சாலை விபத்தில் அவருடைய தண்டுவடம் பாதிக்கப்பட்டு, கால்கள் இரண்டும் செயலிழந்தன. அப்போது வயது 28.

அதே மருத்துவமனையில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் சரிசெய்து வந்தார் டாக்டர் பால் பிராண்ட். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம். எனவே மேரியை அந்த வேலைக்கு வரச் சொல்லி அவர் ஊக்கப்படுத்தினார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே மேரி அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கினார். பிறகு ஆஸ்திரேலியாவில் தானே பயிற்சி எடுத்துக்கொண்டு, நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்கின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். ஊர் திரும்பி 1963-ல் சி.எம்.சி.யில் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-ல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. இன்று அது அவர் பெயரில்தான் இருக்கிறது. 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

இந்தக் கதையை எல்லோரும் 'தன்னம்பிக்கை' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். தன்னம்பிக்கை இருந்தது உண்மைதான். ஆனால் இன்னொன்றும் இருந்தது. அவர் வேலை செய்த இடம் அவரைக் கைவிடவில்லை. பழைய வேலை முடியாது என்றானபோது, முடிகிற வேலை எது என்று யோசித்தார்கள். எத்தனை பேருக்கு இது கிடைக்கிறது?

வேலூர்ப் பக்கம் காட்பாடியில் ரயில் ஏறினால் சென்னை சென்ட்ரலுக்கு முன்னால் ஆவடியும் அம்பத்தூரும் வரும். 1960-களில் மேரி வர்கீஸின் மையம் உருவான அதே காலத்தில்தான் இங்கே தொழிற்சாலைகள் பெருகின. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் சிறிய பட்டறைகள் வரிசையாக வந்தன. மெஷினும் பாரமும் உயரமும் உள்ள இடத்தில் விபத்தும் இருக்கும். அடிபட்ட தொழிலாளிக்குச் சட்டம் என்ன செய்தது?

1923-ம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் பணம் கொடுக்கச் சொன்னது, வேலையைப் பற்றிப் பேசவில்லை. 1948-ம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டம் ஒரு படி மேலே போனது. வேலையில் அடிபட்டு, தற்காலிக ஊனத்துக்கான உதவித்தொகை வாங்கும் காலத்தில் தொழிலாளியை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்றது. ஆனால் அந்தக் காலம் முடிந்த பிறகு?

அதற்குப் பதில் 1995-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 47-வது பிரிவில் இருந்தது. பணியில் இருக்கும்போது ஊனமானவரை நீக்கக் கூடாது, பதவி இறக்கவும் கூடாது. பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். அதுவும் இல்லையென்றால், தகுந்த இடம் கிடைக்கும் வரை அல்லது ஓய்வு வயது வரை கூடுதல் பணியிடம் உருவாக்கி வைத்திருக்க வேண்டும். 2003-ல் குணால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. 2016-ம் ஆண்டின் புதிய சட்டத்திலும் 20-வது பிரிவாக இது தொடர்கிறது.

வேலூரில் மேரி வர்கீஸுக்கு நல்ல மனதால் கிடைத்தது இங்கே உரிமையாக மாறிவிட்டது. ஆனால் அரசு நிறுவனங்களுக்கு மட்டும்! ஆவடியில் அரசுத் தொழிற்சாலை ஊழியருக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. பக்கத்திலேயே அம்பத்தூரில் தனியார் பட்டறையில் லேத் ஓட்டுபவருக்கு இல்லை. தண்டுவடம் இருவருக்கும் ஒன்றுதான். சிகிச்சை முடிந்து வந்த பிறகு அவர் திரும்புவது பெரும்பாலும் முதலாளியின் மனதைப் பொறுத்தது.

ஒரு விஷயம் தெரிந்துகொள்வது நல்லது. இ.எஸ்.ஐ. தரும் நிரந்தர ஊன உதவித்தொகை மறுபடி வேலைக்குப் போனாலும் நிற்காது. பணம் போய்விடுமோ என்று பயந்து வீட்டிலேயே இருக்க வேண்டியதில்லை. சாய்தளம், தகுந்த கழிப்பறை, உயரம் சரிசெய்த மேஜை, உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை, இவ்வளவு இருந்தால் திரும்பக்கூடியவர்கள் பலர். மேரி வர்கீஸ் இதை 70 வருடங்களுக்கு முன்பே செய்து காட்டிவிட்டார். அம்பத்தூர் பட்டறைக்கும் அந்தச் சட்டம் எப்போது வரும் என்பதுதான் மிச்சம் இருக்கும் கேள்வி.