சறுக்குத் திடலில் முதல் படி எங்கே?



நான்கு சக்கரம் பூட்டிய பலகையில் பிள்ளைகள் சறுக்கி விளையாடும் சிமெண்டுத் திடலை இப்போது ஸ்கேட் பார்க் என்கிறார்கள். பிரெஞ்சில் படித்த எங்களுக்கு அந்தப் பலகை 'பிளான்ஷ் ஆ ரூலெத்'. பேரப்பிள்ளையை அங்கே அழைத்துப் போகிற தாத்தா பாட்டிக்கு எழும் கேள்வி ஒன்றுதான்: இந்தத் திடல் புதிதாக வருகிறவனுக்கா, கைதேர்ந்தவனுக்கா? அதன் வரலாற்றைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

1950களில் கலிபோர்னியாவில் கடல் அலையில் சறுக்கி விளையாடியவர்கள், அலை இல்லாத நாட்களில் தெருவில் சறுக்க ஆரம்பித்தார்கள். முதலில் உலோகச் சக்கரம், பிறகு களிமண் கலவைச் சக்கரம். சின்னக் கல் தட்டினாலும் ஆள் குப்புற விழுவான். 1970களின் தொடக்கத்தில் பிராங்க் நாஸ்வொர்த்தி என்பவர் பாலியூரித்தேன் சக்கரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அது தரையைப் பிடித்துக்கொண்டு ஓடியது.

1976, 77இல் அங்கே கடும் வறட்சி. வீட்டு நீச்சல் குளங்கள் பல வற்றிக் கிடந்தன. இளைஞர்கள் அவற்றில் இறங்கி, வளைந்த சுவரில் ஏறி இறங்கினார்கள். பின்னால் வந்த திடல்கள் பலவற்றுக்கு இந்தக் குளமே முன்மாதிரி. சிக்கலும் இங்கேதான். குளத்தில் நீந்தத் தெரியாதவனுக்கு ஆழம் குறைந்த பக்கம் உண்டு. ஆனால் சறுக்குகிறவனுக்குச் சுவரின் வளைவு எல்லாப் பக்கமும் சோதனைதான். தேர்ந்தவனுக்குச் சொர்க்கம், புதியவனுக்குப் பள்ளம்.

இதற்கு நல்ல விடை சொன்ன திடல் ஒன்று லண்டனின் கிழக்கு ஓரத்தில், ஹார்ன்சர்ச்சில் இருக்கிறது. பெயர் ரோம். 1978இல் ஏட்ரியன் ரோல்ட் வடிவமைத்தது. அங்கேயும் கலிபோர்னியக் குளம் ஒன்றைப் பார்த்துக் கட்டிய ஆழமான குளம் உண்டு. ஆனால் அது மட்டுமல்ல. அலை அலையாகத் தாழ்ந்து எழும் மேடுகள், வளைந்து நெளிந்து ஓடும் தடம், அரைக்குழாய் வடிவப் பள்ளம் என்று பலவும் ஒரே வளாகத்தில் உள்ளன. மேடுகளில் கால் பழகியவன் தடத்துக்குப் போகலாம். தடம் பழகியவன் குளத்தை எட்டிப் பார்க்கலாம். பள்ளியில் வகுப்பு ஏறுகிற மாதிரி.

அமெரிக்காவில் அந்தக் காலத்துத் திடல்கள் பல, காப்பீட்டுச் செலவு தாங்காமல் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன. ரோம் தப்பியது. 2014இல் இங்கிலாந்து அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்த்தது. ஐரோப்பாவில் அந்தப் பெருமை பெற்ற முதல் சறுக்குத் திடல் அதுவே.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். திறமையின் படி வேறு, வயது வேறு. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் கொன்கோர்த் சதுக்கத்தில் இந்தப் போட்டிகள் நடந்தன. அங்கே அமைத்த ஒரே பள்ளத்தில் சீனத்துச் சிறுமி ஜெங் ஹாவ்ஹாவ் 11 வயதில் சறுக்கினாள். பிரிட்டனின் ஆண்டி மெக்டொனால்ட் 51 வயதில் சறுக்கினார். எனவே 'சின்னப் பிள்ளைகளுக்கு', 'பெரியவர்களுக்கு' என்று பலகை மாட்டினால் போதாது.

திடலைப் பார்க்கப் போகும்போது நான்கைப் பாருங்கள். நின்று பழகச் சமதளம் உண்டா? முழங்கால் உயரத்துக்கு மேற்படாத சரிவு உண்டா? அதற்கும் ஆழமான பள்ளத்துக்கும் நடுவே ஒரு இடைப்படி உண்டா? தேர்ந்தவன் வேகமாக வரும் வழியில் குறுக்கிடாமல் புதியவன் பழக முடியுமா?

இதில் இடைப்படியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். சமதளமும் ஆழப் பள்ளமும் மட்டும் இருந்தால், பிள்ளை சமதளத்தில் சலித்து வீட்டுக்குத் திரும்பும். அல்லது பள்ளத்தில் துணிந்து கையை உடைத்துக்கொள்ளும். பொதுப் பணத்தில் கட்டுகிற திடல் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பிள்ளையைக் கட்டாயப்படுத்தக் கூடாது.