கொதிகலனும் கருப்பையும்

ஒரு பெண்ணின் வயிற்றினுள் தோன்றிய கட்டி நீர் நிரம்பிய பையா, தசை திரண்ட கழலையா, அன்றி வளரும் குழந்தைதானா என்பதை அறிய, நெடுங்காலமாக வைத்தியருக்கு வாய்த்த கருவி அவருடைய விரல்களே. ஐயம் தீராதவிடத்துச் சத்திரசிகிச்சைக் கத்தியே தீர்ப்புக் கூறிற்று. எக்ஸ் கதிர் வந்த பின்னரும் இந்நிலை பெரிதும் மாறவில்லை. மென்மையான உறுப்புகளை அது தெளிவாகக் காட்டாது. கருவிலுள்ள சிசுவுக்கு அதனால் தீங்கும் நேரக்கூடும்.

இந்நிலையை மாற்றிய வழி ஒரு தொழிற்சாலையினூடாகத் திறந்தது என்பது வைத்திய வரலாற்றின் சுவையான செய்தி.

ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் கப்பல்களுக்கும் கனரக இயந்திரங்களுக்கும் பேர்பெற்றது. அங்கே உலோகத்தில் மறைந்திருக்கும் வெடிப்புகளைக் கண்டறிய, செவிக்கு எட்டாத ஒலியைச் செலுத்தி அதன் எதிரொலியைப் பதிவுசெய்யும் கருவிகள் வழக்கிலிருந்தன. அந்நகரப் பல்கலைக்கழகத்தின் மகப்பேற்றியல் பேராசிரியர் இயன் டொனால்ட், போர்க்காலத்தில் விமானப் படையில் பணியாற்றி றேடாரின் தத்துவத்தை அறிந்தவர். 1955 யூலை 21ஆம் நாள், பெண்களின் உடலிலிருந்து அகற்றப்பட்ட நீர்க்கட்டிகளையும் கழலைகளையும் இரு மோட்டார் வண்டிகளில் ஏற்றிக்கொண்டு, றென்புறூவிலிருந்த பாப்கொக் அன்ட் வில்கொக்ஸ் கொதிகலன் தொழிற்சாலைக்குச் சென்றார். ஒப்புநோக்க மாட்டிறைச்சித் துண்டொன்றும் வைக்கப்பட்டது. நீர்க்கட்டியினுள் ஒலி தடையின்றிச் சென்று அப்பாற் சுவரில் மட்டும் எதிரொலித்தது; தசைக் கழலையோ உள்ளெங்கும் எதிரொலித்தது. விரலுக்கு அகப்படாத வேறுபாடு திரையில் எழுந்தது.

அடுத்த ஆண்டு ரொம் பிறவுண் என்னும் இளம் பொறியியலாளர் இம்முயற்சியில் இணைந்தார். இவர்களும் ஜோன் மக்விக்காரும் எழுதிய கட்டுரை 1958 யூனில் ‘லான்செற்’ இதழில் வெளியாயிற்று. இரைப்பைப் புற்றுநோய் முற்றிவிட்டதெனக் கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்தது பெருத்த நீர்க்கட்டியே என்று இக்கருவி காட்டியது. கட்டி அகற்றப்பட்டது, அவள் பிழைத்தாள்.

இன்று குழந்தையைப் பார்க்கச் செய்யும் பரிசோதனையில் எதிர்பாராத கட்டிகள் தென்படுவதுண்டு. அவற்றுட் பல சூலகத்தைச் சேர்ந்தவை. கர்ப்பத்தின் தொடக்கத்தில் தோன்றித் தாமே மறைபவை. கருப்பைச் சுவரிலேயே நீர்க்கட்டி அமைவது மிக அரிது. பிறக்குமுன் உறுப்புகள் உருவாகும்போது எஞ்சிய குழாயின் மிச்சமாகவோ, கருப்பைத் தசைக்குள் புகுந்த உட்படலத்தில் குருதி தேங்கியதாலோ, பழைய கழலையொன்று உள்ளே நீராகச் சிதைந்ததாலோ அது தோன்றலாம். இவை பெரும்பாலும் தீங்கற்றவை. கட்டி பெருக்கின்றதா, நோவு தருகின்றதா, அதனுள் திண்மப் பகுதி உண்டா என்று கவனித்திருப்பதே பல வேளைகளிற் போதுமானது. அவசரக் கத்தி தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தாகலாம்.

ஆயினும் ‘கட்டி’ என்ற சொல்லைக் கேட்டதும் புற்றுநோயென்று நடுங்கும் கர்ப்பிணிக்கு, திரையிற் கண்டதை விளக்கிச் சொல்ல ஒருவர் வேண்டும். அதற்கு முன்னர், அத்திரை அவளுக்குக் கிட்ட வேண்டும். 24 வாரம் நிறையுமுன் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஒரு தடவையேனும் இப்பரிசோதனை வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2016இற் பரிந்துரைத்தது. உலகின் வறிய கிராமங்களிலோ பல தாய்மார் இன்னும் விரல்களின் தீர்ப்பையே நம்பியிருக்கின்றனர். தொழிலாளர் கொதிகலனைச் சோதித்த கருவியிலிருந்து பிறந்த இவ்வறிவு, தொழிலாளியின் மனைவிக்கு எட்டாதிருப்பது எவ்வகையில் நியாயம்?