1955: ஆவடியில் தொடங்கிய வருஷம்

இரண்டாம் உலக யுத்தகாலத்தில் ராணுவக் கிடங்குகள் மலிந்திருந்த ஊர் ஆவடி. அதே ஆவடியில், 1955 ஜனவரியில், காங்கிரஸ் மகாசபையின் அறுபதாவது மாநாட்டுக்காக 'சத்தியமூர்த்தி நகர்' எழுந்தது. முதல் மந்திரியாகி ஒரு வருஷமும் நிறையாத காமராஜருக்கு, 1943-இல் மறைந்த தம் குருநாதர் சத்தியமூர்த்தியின் திருநாமம் தம் ராஜ்யத்தில் கூடிய அந்த மகாசபைக்கு வாய்த்தது எத்தகைய மனநிறைவைத் தந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

தேபர் தலைமை வகித்த அம்மாநாட்டில் நிறைவேறிய பிரசித்தமான தீர்மானம், தேசத்தின் திட்டங்களுக்கெல்லாம் 'சோஷலிஸ மாதிரி சமுதாயம்' என்பதையே லட்சியமாக வகுத்தது. முந்தின டிசம்பரிலேயே லோக்சபை இதை ஏற்றுக்கொண்டிருந்தும், கீர்த்தி என்னவோ ஆவடிக்கே போயிற்று. அடுத்த மாதமே ஆந்திரத்தில் தேர்தல். கம்யூனிஸ்டுகளின் கை ஓங்கிவிடுமோ என்ற அச்சம் பலமாயிருந்த சமயம். ஆகவே, தீர்மானத்தில் கொள்கை எவ்வளவு, சமயோசிதம் எவ்வளவு என்று எடைபோட்டவர்களும் உண்டு. அந்தத் தேர்தலில் காங்கிரஸே வென்றது. எனக்கு உறுத்துவது 'மாதிரி' என்னும் சொல்தான். வெல்லத்துக்கும் 'வெல்லம் மாதிரி'க்கும் உள்ள பேதம் நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும்.

எனினும், அவ்வருஷத்துச் செயல்களை அலட்சியம் செய்வதற்கில்லை. தீண்டாமையைக் குற்றமாக்கிய சட்டம் ஜூன் முதல் தேதி அமலாயிற்று. ஹிந்து விவாகச் சட்டம் விவாகரத்துக்கு வழிவகுத்தது. ஜூலை முதல் தேதி, பழைய மதராஸ் பாங்கியையும் தன் முன்னோர்களில் ஒன்றாகக் கொண்ட இம்பீரியல் பாங்கி, ரிசர்வ் பாங்கியின் ஆதிக்கத்துக்குட்பட்டு ஸ்டேட் பாங்கியாயிற்று. ஐந்து வருஷத்துக்குள் நானூறு புதுக் கிளைகள் திறக்க வேண்டுமென்பது அதற்கு விதிக்கப்பட்ட கடமை.

ஆவடி மாநாட்டுக்கு வந்துபோன நேரு, அக்டோபர் 2-ஆம் தேதி மறுபடியும் இப்பக்கம் வந்தார். ஆவடி ரயில் பாதையில் வில்லிவாக்கத்தை அடுத்து, ஸ்விட்சர்லாந்து நாட்டுக் கம்பெனி ஒன்றின் ஒத்தாசையுடன் அமைந்த பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையை அன்று திறந்துவைத்தார். ஆரம்பத்தில் அங்கே உருவானது பெட்டியின் வெளிக்கூடு மட்டுமே. ஆசனம், விளக்கு, மின்விசிறி முதலியன வேறு ரயில்வே பட்டறைகளில் பொருத்தப்பட்டன. உள்ளலங்காரத்துக்கென்று பெரம்பூரிலேயே ஒரு பிரிவு வந்தது 1962-இல்தான்.