காரி உண்ட கடவுளின் நாட்டில் நஞ்சு

திருவண்ணாமலையிலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் நிற்கும் பருவதமலையே சங்கப் பாட்டு சொல்லும் நவிர மலை என்பது அறிஞர் பலர் கொண்ட முடிவு. செங்கத்தை ஆண்ட நன்னன் சேய் நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், அம்மலையில் உறையும் கடவுளைக் காரியை உண்டவர் என்று குறிக்கிறது. இங்கே காரி என்பது நஞ்சு. சிவன் நஞ்சுண்ட கதையைத் தொடும் பழைய தமிழ்க் குறிப்புகளுள் இது ஒன்று.

காரி என்றால் கரியது. கார்மேகத்தில் இருப்பதும் இதே கார்தான். திருக்கோவலூரை ஆண்ட மலையமானுக்கும் அவன் குதிரைக்கும் காரி என்றே பெயர். சனிக்கிழமைக்குக் காரிக்கிழமை என்ற பெயரும் உண்டு. நிறத்தைச் சொன்ன சொல்லே நஞ்சையும் சொன்னது. கறை என்பதும் இப்படித்தான்: நஞ்சு தங்கிக் கறுத்த கழுத்தை உடையவர் கறைமிடற்றார். கடு என்ற சொல்லோ கடுமையிலிருந்து நஞ்சுக்குப் போனது. விடமும் ஆலகாலமும் வடமொழி வழியாக வந்தவை.

இவற்றுள் நிலைத்தது நஞ்சு. இச்சொல் திராவிட மொழிகளுக்குப் பொது. மலையாளத்தில் நஞ்சு, கன்னடத்திலும் தெலுங்கிலும் நஞ்சு அல்லது நஞ்ஜு. மைசூருக்கு அருகே கபிலை ஆற்றங்கரையில் உள்ள ஊரின் பெயர் நஞ்சன்கூடு, அங்குள்ள இறைவன் நஞ்சுண்டேசுவரர். திருவண்ணாமலையைத் தலைநகராக்கி வாழ்ந்த ஹொய்சள மன்னன் மூன்றாம் வீரவல்லாளனின் கன்னடமும், ஊர்மக்களின் தமிழும் இந்த ஒரு சொல்லில் எளிதாகச் சந்தித்திருக்கும். நீலகண்டன் என்ற பெயர் நஞ்சின் நிறத்தைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறது. நஞ்சுண்டன், நஞ்சப்பன், நஞ்சம்மாள் என்ற பெயர்களில் நஞ்சே இருக்கிறது. கொங்குநாட்டிலும் கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் பெற்றோர் அஞ்சாமல் பிள்ளைகளுக்கு வைத்த பெயர்கள் இவை.

இரும்பு இருப்புப்பாதை ஆவதுபோல, நஞ்சு அடைமொழியாகும்போது நச்சு ஆகிறது: நச்சரவு, நச்சுப்புகை, நச்சுக்கிருமி. விரும்புதல் என்ற பொருளில் நச்சுதல் என்னும் வினை ஒன்றும் தமிழில் உண்டு. ஒலி ஒன்று, பொருள் நேர் எதிர். யாரும் நச்சாதவனின் செல்வத்தை ஊர் நடுவே பழுத்த நச்சுமரத்தோடு ஒப்பிடும் 1008-ஆம் குறள் இரண்டையும் அருகருகே வைக்கிறது. பத்துப்பாட்டுக்கு உரை எழுதி, காரிக்கு நஞ்சு என்று பொருள் சொன்னவர் நச்சினார்க்கினியர். விரும்பியவர்க்கு இனியவர் என்பது அவர் பெயரின் பொருள். அந்த உரையை உ.வே. சாமிநாதையர் 1889-இல் அச்சேற்றியிராவிட்டால், நன்னன் நாட்டுக் காரி இன்று எவருக்கும் எட்டியிருக்காது.

அண்ணாமலையைப் பாடிய சம்பந்தர், இறைவன் நஞ்சைக் கழுத்தில் அடக்கியதும் ஒரு நன்மையே என்று தம் பதிகம் ஒன்றில் வியக்கிறார். விழுங்கவும் இல்லை, உமிழவும் இல்லை, அடக்கினார் என்பதுதான் அதில் உயிரான சொல். இந்தக் கதைதான் திரயோதசி மாலையில் பிரதோஷமாகிறது. அருணாசலேசுவரர் கோயிலின் பெரிய நந்திக்குப் பால் அபிஷேகம் நடக்கும்போது கூட்டம் முண்டியடித்து எட்டிப் பார்க்கிறது. கருங்கல் முதுகில் பால் வெள்ளையாக வழிந்து, கழுத்து மடிப்பில் தேங்கிக் கீழே சொட்டுகிறது.

சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் மாட்டுக்கொட்டகையில் நஞ்சுக்கு வேறொரு பொருள் உண்டு. பசு கன்று ஈன்றபின் விழும் கொடி நஞ்சுக்கொடி. “நஞ்சு போட்டாச்சா?” என்று கேட்பதில் அச்சம் கிடையாது, விழுந்தால்தான் நிம்மதி. அதை வைக்கோலோடு சாக்கில் கட்டி, பால் வடியும் ஆலமரத்தில் தொங்கவிடுவார்கள். பசுவுக்குப் பால் பெருகும் என்பது நம்பிக்கை. கருவைக் காத்த உறுப்பு உள்ளேயே தங்கிவிட்டால் தாய்க்குக் கேடு. அந்தப் பெயர் அதற்குப் பொருந்தத்தான் செய்கிறது.

பேச்சில் தீங்கு முழுவதையும் விஷம் எடுத்துக்கொண்டது: விஷக்கடி, விஷக்காய்ச்சல், விஷச்செடி. வயலில் நடந்த மாற்றம் இன்னும் பெரியது. பூச்சியைக் கொல்லத் தெளிப்பதற்கு உழவர் வழக்கில் மருந்து என்று பெயர், தெளிப்பது மருந்தடித்தல். கொல்வதற்குக் காப்பதன் பெயர் வந்தது மொழிக்கு நேர்ந்த பெரிய ஏமாற்று. 2013-இல் மறைந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரும் அவர் வழி வந்த இயற்கை உழவர்களும் அதைப் பெயர் சொல்லியே எதிர்த்தனர். நஞ்சில்லா உணவு என்ற தொடர் இப்போது இயற்கை அங்காடிகளின் பலகைகளில் இருக்கிறது. ஏட்டுச் சொல்லாகச் சுருங்கியிருந்த நஞ்சு அப்படித்தான் மறுபடி தெருவுக்கு வந்தது.

காரி வரவில்லை. பருவதமலையில் இறைவன் மல்லிகார்ஜுனர் என்ற பெயரில் வழிபடப்படுகிறார். அவரையே காரியுண்டிக் கடவுள் என்று சொல்பவர் வாயில் மட்டும் அந்தப் பழஞ்சொல் இன்னும் ஒலிக்கிறது.