சூடு தாங்காத நொதியமும் அதைக் கட்டிவைக்கும் வித்தையும்

மாத்தளை மலைக் குளிர்ச்சி விலகி ஏ9 வீதி உலர் வலயத்துக்குள் இறங்கும் இடத்தில் நாவுல இருக்கிறது. அங்கே ஒரு மதியம் யாழ்ப்பாண பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது கடையில் டொபி வாங்கினேன். வெயிலில் இளகி உறையோடு ஒட்டிக்கிடந்தது. உறையில் எழுதியிருந்த சேர்மானங்களில் ஒன்று குளுக்கோசுப் பாகு. டொபி நாவுல வெயிலுக்கே இளகிவிட்டது. ஆனால் அந்தப் பாகை உருவாக்கும் நொதியம், அதாவது என்சைம், கொதிநிலையை ஒட்டிய சூட்டில் வேலை செய்கிறது.

சோளம், மரவள்ளி போன்றவற்றின் மாப்பொருளைப் பாகாக்கும் ஆலைகளில் முதலில் வருவது அல்பா அமைலேசு. சுமார் 105 பாகையில் சில நிமிடங்கள், பிறகு 95 பாகையில் ஒன்றிரண்டு மணித்தியாலங்கள் நின்று நீண்ட மாப்பொருட் சங்கிலிகளை வெட்டுகிறது. அடுத்து குளுக்கோஅமைலேசு 60 பாகையளவில் அவற்றைக் குளுக்கோசாக்குகிறது. இவ்வளவு சூடு எதற்கு? கூழ் இளகி ஓட வேண்டும், தாக்கம் விரைவாக நடக்க வேண்டும், இடையில் கிருமிகள் பெருகிப் புளிக்க வைக்கவும் கூடாது.

சிக்கல் என்னவென்றால், நொதியம் ஒரு புரதம். குறிப்பிட்ட விதமாக மடிந்திருக்கும்வரைதான் அதற்கு வேலை. சூட்டில் மடிப்புகள் அவிழ்ந்தால் முட்டை வெள்ளைக்கரு அவிந்ததுபோலத்தான், ஆறவைத்தாலும் பெரும்பாலும் திரும்பாது.

அதனால் அதை ஒரு திண்மத்தில் கட்டிவைக்கிறார்கள். பல இடங்களில் இறுகப் பிணைத்தால் மடிப்பு அவிழ்வது கடினமாகும். கல்சியம் அல்ஜினேற்று மணிகளுக்குள் அடைப்பதும், மின்னேற்றமுள்ள செலுலோசில் ஒட்டவைப்பதும், இரசாயனப் பிணைப்பால் பூட்டுவதும் வழிகள். வெறுமனே ஒட்டவைத்தது சூட்டிலும் உப்பிலும் கழன்றுபோகலாம். பூட்டியது உறுதி, ஆனால் பூட்டும்போதே நொதியத்தின் ஒரு பகுதி செத்துப்போகும். கட்டினாலே சூடு தாங்கும் என்று எழுதுவது தவறு. எங்கே, எத்தனை இடத்தில் பிணைத்தோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கரியில் ஒட்டிய இன்வேற்றேசு நொதியம் தொடர்ந்து வேலை செய்வதை நெல்சனும் கிரிபினும் 1916இலேயே கண்டார்கள். தொழிற்சாலைக்கு அது வர அரை நூற்றாண்டு ஆயிற்று. 1969இல் யப்பானின் தனாபே நிறுவனம் அமினோ அமிலங்களைப் பிரிக்கக் கட்டிவைத்த நொதியத்தைப் பயன்படுத்தியது. இன்று பெரும் வெற்றி குளுக்கோசு ஐசோமரேசுக்குத்தான். குளுக்கோசைப் பிரக்ரோசாக்கும் இது, 55 முதல் 60 பாகை சூட்டில், நிரல்களில் அடைத்த நிலையில் மாதக்கணக்கில் வேலை செய்கிறது.

அப்படியானால் அல்பா அமைலேசை ஏன் ஆலைகள் கட்டிவைப்பதில்லை? குளுக்கோசு சின்ன மூலக்கூறு, துளைக்குள் நுழைந்து வெளியேறும். மாப்பொருள் மிகப் பெரியது, துளைக்குள் சிறைப்பட்ட நொதியத்தை எட்டவே முடியாது. அந்த இடத்தில் பற்றீரியாக்களிடமிருந்து இயல்பாகவே சூடு தாங்கும் நொதியத்தை எடுத்துக் கூழிலேயே கலந்துவிடுவது மலிவு.

இந்தத் துறையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உயிர்இரசாயனத் துறைக்கு ஒரு தடம் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பின்னாளில் துணைவேந்தராக இருந்த பேராசிரியர் வசந்தி அரசரத்தினமும் சக ஆய்வாளர்களும் 1990களில் செலுலோசில் குளுக்கோஅமைலேசைக் கட்டிவைப்பது பற்றி வெளிநாட்டு ஆய்விதழில் எழுதினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. ஏ9 பாதை மூடிக்கிடந்தது. அந்தக் கட்டுரைத் தலைப்புகளைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றியது இதுதான்: கலந்துவிட்ட நொதியம் ஒருமுறையோடு போய்விடும், கட்டிவைத்ததை வடித்தெடுத்து மறுபடி பாவிக்கலாம். அடுத்த பொதி எப்போது வரும் என்று தெரியாத ஊரில் இது சின்ன வித்தியாசமல்ல.

அதே துறையிலிருந்து 2011இல் வந்த இன்னோர் ஆய்வு உமியைப் பயன்படுத்தியது. அங்கே கட்டிவைத்தது நொதியத்தை அல்ல. உமியின்மேல் பற்றீரியாவை வளர்த்து சைலனேசு எடுத்தார்கள். நொதியத்தையே தாங்கும் பொருள் தேடுவோருக்கு நம் கரையோரத்தில் இன்னொன்றும் குவிகிறது: இறால், நண்டுக் கோதுகள். அவற்றிலிருந்து எடுக்கும் கைற்றோசன் நொதியங்களைப் பிணைக்க உலகின் பல ஆய்வுகூடங்களில் பயன்படுகிறது.