மகார் படையின் மாவீரர் மேஜர் பரமேசுவரன்

நீலகிரியில் வாழும் நமக்குப் படைவீரர் புதியவர் அல்லர். சென்னைப் படைப்பிரிவின் பயிற்சி நிலையம் நம் மாவட்டத்து வெலிங்டனிலேயே உள்ளது. ஆயினும் இவ்வெள்ளி விழா மலரில் நாம் நினைவுகூர விரும்பும் வீரர் வேறொரு படைப்பிரிவைச் சேர்ந்தவர். தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட மக்களைக் கொண்டு எழுந்த மகார் படையில் பணியாற்றி, போர்க்களத்தில் உயிர்நீத்து, நாட்டின் மிக உயர்ந்த போர் விருதாகிய பரம் வீர் சக்கரத்தைப் பெற்ற தமிழர் மேஜர் இராமசாமி பரமேசுவரனே அவர். அவர் வாழ்வை அறியுமுன் அப்படை பிறந்த வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

மகாராட்டிரத்து மகார் மக்கள் ஆங்கிலேயர் காலத்துப் பம்பாய்ப் படையில் பெருந்தொகையினராய்ப் பணியாற்றினர். 1818 சனவரி முதல் நாள் நடந்த கோரேகாவ் போரின் நினைவுத் தூணில் மகார் வீரர் பலரின் பெயர்கள் இன்றும் காணப்படுகின்றன. படைப்பணி அவர்களுக்குச் சோற்றோடு எழுத்தறிவையும் தந்தது. அண்ணல் அம்பேத்கரின் தந்தையார் இராம்ஜி சக்பால் படையில் சுபேதாராகவும் படைப் பள்ளியின் தலைமையாசிரியராகவும் விளங்கியவர். அவ்வாயிலை 1890-களில் ஆங்கில அரசு அடைத்தது. ஒரு சில குலத்தாரே போர்க்குடியினர் என்னும் பொய்க் கொள்கை அதற்குக் காரணமாயிற்று. மகார் மக்கள் மனுமேல் மனு விடுத்தனர். முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது 1917-இல் 111-ஆம் மகார் படையைத் திரட்டிய அரசு, போர் முடிந்த சில ஆண்டுகளில் அதனைக் கலைத்துவிட்டது.

1941-இல் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் இடம்பெற்ற அம்பேத்கர் இவ்வநீதியை விடாது எடுத்துரைத்தார். அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் பெல்காமில் முதல் மகார் பட்டாளம் நிறுவப்பெற்றது. அடைபட்ட கதவைத் திறந்தது கல்வி கற்ற ஒருவரின் வாதத்திறம் என்பதை நாம் மறத்தலாகாது. பின்னாளில் அப்படை எல்லாச் சமூகத்தாரும் சேரும் படையாக வளர்ந்தது.

பரமேசுவரன் 1946 செப்டம்பர் 13-ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். அந்நகரத் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்று அறிவியற் பட்டம் பெற்றார். பின்னர்ச் சென்னையிலுள்ள படை அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில் தேர்ச்சி பெற்று, 1972 சூன் திங்களில் மகார் படையில் அதிகாரியானார்.

1987 சூலை 29-ஆம் நாள் இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன்படி அமைதிப்படை இலங்கை சென்றது. அக்டோபரில் அப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டது. நவம்பர் 25-ஆம் நாள், யாழ்ப்பாணத்துக் கந்தரோடைப் பகுதியில் ஆயுதங்களைத் தேடிவிட்டு, எட்டாம் மகார் பட்டாளத்தைச் சேர்ந்த தம் வீரர்களுடன் பரமேசுவரன் திரும்பிக்கொண்டிருந்தார். நள்ளிருளில் பதுங்கியிருந்தோர் சுட்டனர். அவர் நிலைகுலையாது, சுற்றி வளைத்துப் பின்புறமாகச் சென்று தாக்கினார். நேருக்கு நேர் நடந்த போரில் அவர் மார்பில் குண்டு பாய்ந்தது. சுட்டவரின் துப்பாக்கியைப் பறித்து அவரையே வீழ்த்தினார். குருதி கொட்டிய நிலையிலும், உயிர் பிரியும்வரை தம் வீரர்களுக்கு ஆணையிட்டு ஊக்கினார். எதிரணியில் ஐவர் மாண்டனர். மூன்று துப்பாக்கிகளும் இரண்டு ராக்கெட் செலுத்திகளும் கைப்பற்றப்பட்டன. மேஜருக்கு அப்போது வயது 41. மகார் படைப்பிரிவுக்குக் கிடைத்த ஒரே பரம் வீர் சக்கரம் அவருடையதே. 2023-இல் அந்தமானில் ஒரு தீவுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

இவ்வரலாற்றைக் கூடலூரில் எழுதுங்கால் நம் நெஞ்சம் கனக்கிறது. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தால் அத்தீவின் மலைத்தோட்டங்களை விட்டு இங்கு வந்து, அரசுத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த குடும்பங்கள் நம்மிடையே பல. அந்த இரவில் களத்தின் இரு பக்கமும் தமிழர் நின்றனர். அப்போரில் அமைதிப்படையினர் ஆயிரவருக்கு மேல் மாண்டனர்; துப்பாக்கி ஏந்தாத தமிழ் மக்களும் பலர் மடிந்தனர். ஆகவே இம்மரணத்தை வெற்றி முழக்கமாகக் கொண்டாட நமக்கு மனம் இல்லை. ஆயினும் போர் தொடுக்கும் முடிவு அரசுகளுடையது. தம்மை நம்பி உடன் வந்தோரைக் கைவிடாத அறம் அவ்வீரருடையது. அவ்வறத்தை வணங்குதல் நம் கடன்.

மகார் குலத்தில் பிறவாத ஒருவர் மகார் படைக்குத் தலைமை தாங்கி, அதன் புகழுக்காகத் தம் குருதியைச் சிந்தினார். நிழல் பட்டாலும் தீட்டு என்றோரின் நாட்டில், ஒரே சீருடையில் ஒருவர் உயிரை மற்றவர் காத்து நின்றனர். தீண்டாமை மனிதர் செய்த பொய் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இளைஞர்களே! படைவீரராய்ச் சேர்வது பெருமையே. அதிகாரியாய்த் தலைமை ஏற்கும் தகுதியும் உங்களுக்கு உண்டு. பரமேசுவரன் அவ்வாயிலுள் நுழைந்தது ஒரு பட்டத்தைக் கையில் ஏந்தி; அவரை அதற்கு ஆளாக்கியதும் நம்முடையதைப் போன்ற ஒரு கல்விச் சங்கமே. ஒரு காலத்தில் பிறப்பைக் காட்டி அடைத்த கதவு இன்று தேர்வுக்குத் திறக்கிறது. பள்ளிப் படிப்பை இடையில் விடாது பட்டம் வரை பயிலுங்கள். தேர்வுகளை அஞ்சாது எழுதுங்கள். அதற்கு வேண்டிய துணையை அளிப்பதே இனிவரும் ஆண்டுகளில் நம் சங்கத்தின் பணியாகுக.